தோல் தவளை

விரால் பிடிக்கப் போகிறவன் முதலில் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்க வேண்டும். கழி, நரம்பு, முள் எல்லாம் அதற்கப்புறம்தான். கரையில் பேசுவது தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குக் கேட்குமோ கேட்காதோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கேட்கும். பதினோரு வருஷம் மீன் பிடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

மற்றதையெல்லாம் நான் நன்றாகவே கற்றிருந்தேன். சின்னேரி மாதிரி நாலு ஏக்கர் தண்ணீரில் நம் நிழல் விழாமல் உட்கார வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் நிழல் தண்ணீரில் விழும்; அதனால் மேற்குக் கரை. கரை மேல் தொம்தொம்மென்று நடக்கக் கூடாது. விரால் மூச்சு வாங்க மேலே வரும், வந்து போன இடத்தில் ஒரு குமிழி உடையும். அந்தக் குமிழி மேலேயே போடுகிறவன் முட்டாள். அது தலை திருப்பிய பக்கம் இரண்டு முழம் தள்ளிப் போட வேண்டும். சிவப்புக் குஞ்சுகள் பந்தாகச் சேர்ந்து மேய்கிற இடத்தில் போடவே கூடாது. கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும், பசி இல்லாமலே பாய்ந்து கவ்வும். அப்படிப் பிடிப்பது மீன் பிடிப்பில் சேர்த்தி இல்லை. எங்களைப் போலத் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏரிச் சேற்றால் கையை மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புழுவைத் தொட வேண்டும். ஆம்பூரில் பிறந்த மனுஷனுக்கு அந்தத் தோல் வாசனை தெரியாது. மீன் ஆம்பூரிலேயே பிறந்தாலும் அதற்குத் தெரியும்.

என் பெயர் கிருபானந்தம். தோல் ஷாப்பில் சார்ட்டர். பதனிட்டு வந்த ஆட்டுத் தோலை மேசையில் விரித்து, கையால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரித்துப் போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு தோல், இருபத்திரண்டு வருஷமாக. எந்தத் தோலும் என் கையை ஏமாற்றியதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்; கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

எங்கள் ஊரில் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிகள் முஸ்லிம்கள், ஜும்மா தொழுகை நாள். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. என் மனைவி ஜெயபுஷ்பம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு ஞாயிறு லீவு, வெள்ளி வேலை. ஆகக் கல்யாணமான நாளிலிருந்து ஏதாவது பண்டிகை வந்தால்தான் நாங்கள் இரண்டு பேரும் பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. எங்களுக்கு ஒரே பையன், அவனும் மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை சிரிக்க, சண்டை போட, சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு இருந்தது இஷ்தியாக் அகமது ஒருவர்தான்.

இஷ்தியாக் பாய் எங்கள் ஷாப்பிலேயே கட்டிங் மாஸ்டர். நான் பிரித்துப் போட்ட தோலை ஷூவுக்கும் கையுறைக்கும் வெட்டுகிறவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவார், மீதி ஏழையும் நான் பேசிவிடுவேன். விடிவதற்கு முன் இரண்டு சைக்கிளில் கிளம்பி, மலையடிவாரத்துச் சின்னேரிக்கு அஞ்சு மைல் மிதித்து, பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவோம். அவர் குளித்துவிட்டு ஜும்மாவுக்குப் போக வேண்டும். பாலாற்றில் மீன் பிடித்தால் அரை மணியில் திரும்பலாம். ஆனால் எங்கள் ஷாப்புக் கழிவுத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் பாலாற்று மீன் எங்கள் இரண்டு வீட்டிலும் ஏறியதில்லை.

சின்னேரியில் ஒரு விரால் இருந்தது. பழைய மதகுக் கல்லின் பக்கத்தில், ஆம்பல் இலைகளுக்கு நடுவில் அதன் இடம். ஒரு கை நீளம் என்று நான் சொல்வேன், முக்கால் கை என்று அவர் சொல்வார். புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விராலுக்கு உயிருள்ள சின்னத் தவளைதான் இரை என்பது அங்கே மாடு மேய்க்க வருகிறவர்களுக்கே தெரியும். தவளை முதுகில் முள்ளை மாட்டி இலை மேல் விட்டால் போதும். பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க மார்க்கத்துல தவளையைக் கொல்லக் கூடாது கிருபா."

"நீங்க இன்னாத்துக்குக் கொல்றீங்க? நான் மாட்டுறேன். நீங்க கண்ணை மூடிக்கோங்க."

"நான் கண்ணை மூடிக்கினா தவளைக்கு வலிக்காதா?"

 பதினோரு வருஷமும் கெளுத்தியும் கெண்டையும் எங்கள் வீடுகளுக்குப் போயின, விரால் மதகுக் கல்லடியிலேயே இருந்தது. எனக்கு அது ஒரு மானப் பிரச்சினையாக ஆகிவிட்டது. பாய்க்கு அப்படி எதுவும் இல்லை. "அதுவும் நம்மளைப் பாத்துப் பாத்துப் பழகிடுச்சு" என்பார்.

எழுபத்தெட்டு அக்டோபரில், மேசையில் கிடந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. தவளைதானே வேண்டும்? ஊர் பூராவும் தோல். பாயிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, "உயிர் இல்லாத தவளைன்னா தப்பு இல்ல" என்றார்.

தோல் எடுப்பது என் பொறுப்பு, வெட்டித் தைப்பது அவர் பொறுப்பு. நான் சும்மா விடுவேனா? கையுறைக்குப் போகிற குட்டித் தோலில் ஃபர்ஸ்ட் ரகமாக, ஒரு கீறல் ஒரு புள்ளி இல்லாமல், கன்னத்தில் வைத்தால் வழுக்குகிற மாதிரி ஒரு துண்டு பொறுக்கினேன். பாய் அதை வெட்டி, உள்ளே நெட்டி அடைத்து, கருப்பு மணியில் இரண்டு கண் வைத்து, வாரில் நாலு கால் விட்டுத் தைத்தார். முள் வயிற்றுக்கடியில் மறைந்திருந்தது. பச்சை பாலிஷ் போட்டு, வாசனை போக மூன்று நாள் ஏரிச் சேற்றில் புதைத்து எடுத்தோம். அவ்வளவு லட்சணமான தவளையை ஆண்டவனே படைத்திருக்க மாட்டார். பாய் வீட்டில் அதை ஒரு நாள் அலமாரியில் கண்ணாடிச் சாமான்களோடு வைத்திருந்தார்கள்.

விரால் வந்தது. பார்த்தது. போய்விட்டது. அடுத்த வெள்ளியும் வந்தது, பார்த்தது, போனது. அப்படி அஞ்சு வெள்ளி.

டிசம்பரில் இரண்டாவது வெள்ளிக்கிழமை. பனி இன்னும் தண்ணீர் மேல் இருந்தது. தவளையை இலை ஓரத்தில் மிதக்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். பாய் அன்றைக்கு அவராகவே பேச ஆரம்பித்தார்.

அவருக்கு ஃபரீதா என்று ஒரே மகள். இருபது வயது. நாங்கள் மீன் பிடிக்க ஆரம்பித்த புதிதில் ஒன்பது வயதுப் பிள்ளையாக, கொண்டு வந்த மீனை எண்ணிப் பார்ப்பதற்கு வாசலுக்கு ஓடி வருவாள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோல் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தையலை ஷாப்பில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அஞ்சு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். முகம் முழுக்க வடு. அவளைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து வந்தவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்ப் பத்து நாளாகிவிட்டது. அதற்கு முன் வந்த இரண்டு பேரும் அப்படித்தான்.

"பொண்ணுக்கு இன்னா கொறச்சல், சொல்லு கிருபா. குர்ஆன் ஓதுறா. படிச்சிருக்கா. கையில தொழில் இருக்குது. வர்றவன் எல்லாம் முகத்தைப் பாத்துட்டு டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டுப் போய்ட்றான்."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

"அது அப்பிடித்தான் பாய். வாங்குறவன் மேலாலதான பாப்பான்? உள்ள எவ்ளோ கெட்டித் தோலா இருந்தாலும் அம்மை வடு இருந்தா தேர்ட்தான? நம்ம டேபிள்ல நாமளே இன்னா பண்றோம்? தேர்டுக்கும் ஆள் வரும். கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்."

ஆட்டுக்கும் அம்மை வரும். வந்து பிழைத்த ஆட்டின் தோலில் அந்தக் குழிகள் அப்படியே இருக்கும். என் மேசைக்கு வந்தால் யோசிக்காமலே கை அதைத் தேர்டில் தள்ளிவிடும். தள்ளித் தள்ளிப் பழகின கையோடு வாயும் பழகிப் போயிருந்தது. இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு ஆறுதல் சொல்லத் தோன்றியிருக்காது.

 பாய் தன் கழியை எடுத்து நரம்பைச் சுற்றினார். தண்ணீரில் இறங்கி முகம் கழுவினார், நிதானமாக, இரண்டு தடவை. சைக்கிளை நிமிர்த்தினார்.

"ஜும்மாவுக்கு நேரமாச்சா பாய்?" என்று கேட்டேன். மணி ஏழரைகூட ஆகவில்லை.

"ஆமா" என்றார்.

தவளை தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. நான்தான் இழுத்து எடுத்து வந்தேன்.

முதல் வாரம் எனக்குத்தான் கோபம். தொழில் பேச்சு ஒன்றைச் சொன்னதற்கு இவ்வளவு பேஜாரா என்று. வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே அவர் வீட்டு வழியாக மணி அடித்துக்கொண்டே போனேன். கதவு திறக்கவில்லை. இரண்டாவது வாரம் கோபம் போய்ப் பயம் வந்தது. ஷாப்பில் பாய் என் மேசைக்கு வந்தார். "இந்த லாட்ல நூறு பீஸ் கம்மி இருக்குது கிருபானந்தம் சார்" என்றார். பதினோரு வருஷம் கிருபா என்று கூப்பிட்ட மனுஷன். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு வழக்கம்போல அவர்கள் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கேக்கும் தட்டில் வைத்து அனுப்பினோம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தட்டு வெறுமனே திரும்பக் கூடாது என்று ஒரு வழக்கம். அந்தத் தட்டும் சர்க்கரையோடுதான் வந்தது. ஆனால் எப்போதும் தட்டை எடுத்துக்கொண்டு தானே வந்து, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயபுஷ்பம் போடுகிற காபியைக் குடித்துவிட்டுப் போகிறவர் வரவில்லை. அவருடைய பக்கத்து வீட்டு ஆள் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் ஜெயபுஷ்பத்திடம் நடந்ததைச் சொன்னேன். சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பொண்ணு முகத்தையும் ஆட்டுத் தோலையும் ஒண்ணாப் பேசினீங்களா?"

"ஆறுதலுக்குத்தான் சொன்னேன்."

"நம்ம பொண்ணா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"நமக்குத்தான் பொண்ணு இல்லயே."

"அதான் சொல்லிட்டு வந்துட்டீங்க." டப்பாவை மூடினாள். "போய் மன்னிப்பு கேளுங்க."

"இன்னான்னு கேக்குறது? சொன்னதை மறுபடி சொல்லித்தான கேக்கணும்?"

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பையன் கிறிஸ்மஸுக்கு வந்திருந்தான், வீடு நிறைய ஆள் இருந்தார்கள். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டது என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

நாலு வெள்ளிக்கிழமை தனியாகச் சின்னேரிக்குப் போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். கரையில் என் காலடியிலேயே சின்னத் தவளைகள் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து முள்ளில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் விரால் கையில் இருக்கும், கேட்க ஆள் இல்லை. என்னமோ, மாட்டத் தோன்றவில்லை. அவர் அங்கே இல்லாவிட்டாலும் அவர் கேட்ட கேள்வி கரையிலேயே இருந்தது. அந்த லட்சணமான தோல் தவளையையே போட்டுப் போட்டு இழுத்தேன். விரால் அதைப் பார்க்க வருவதையும் நிறுத்திவிட்டது.

நாலாவது வெள்ளி, ஜனவரி அஞ்சாம் தேதி. வெயில் ஏறிவிட்டது, கிளம்பலாம் என்று நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தவளை குதித்து, கல் மேல் கிடந்த என் தோல் தவளை பக்கத்திலேயே உட்கார்ந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு வேறெதுவும் பார்க்கத் தெரியாது, நான் தோலைத்தான் பார்த்தேன். முதுகெல்லாம் மேடும் குழியும். புள்ளி, திட்டு, சொரசொரப்பு. ஒரு விரல் அகலத்துக்குச் சமமான இடம் இல்லை. இதை என் மேசையில் விரித்தால் தொட்டுக்கூடப் பார்க்காமல் தேர்டில் தள்ளியிருப்பேன். பக்கத்தில் என் ஃபர்ஸ்ட் ரகம் பளபளவென்று, தவளையைத் தவிர மற்ற எல்லாம் மாதிரியும் இருந்தது. இருபத்திரண்டு வருஷ சார்ட்டர் ஒருவன் தவளைக்குத் தோல் பொறுக்கிய அழகை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை தேர்ட் கட்டிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். பாலிஷ் ஏறாத ஆட்டுத் தோல், அம்மை வடு நிறைய விழுந்தது. ஆனால் எனக்குத் தைக்க வராது. பாய்தான் தைக்க வேண்டும். இதைச் சாக்காக வைத்து அவர் வீட்டுக்குப் போகலாம், மீன் பேச்சிலேயே பழைய பேச்சு கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் வேலை விட்டதும் துண்டைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு நேராகப் போனேன்.

அவர் வீட்டுக் கதவைத் தட்டின பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. எந்த வார்த்தையைச் சொல்லி அந்த மனுஷனைப் புண்படுத்தினேனோ, அதையே பேப்பரில் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறேன். திரும்பிவிடலாம் என்று ஒரு படி இறங்கினேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஃபரீதா. தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க சாச்சா" என்றாள். அவள் அம்மா ஜஹீருன்னிசா உள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"மஃரிபுக்குப் போயிருக்காங்க அண்ணா. இப்ப வந்துடுவாங்க, உக்காருங்க. எத்தினி நாளாச்சு இந்தப் பக்கம் வந்து."

தொழுகை நேரம் என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை. உட்கார்ந்தேன். ஃபரீதா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் உட்கார்ந்து தைக்கிற கோரைப்பாயில் ஷூ மேல்தோல் அடுக்கி இருந்தது, ஒன்றில் ஊசி நூலோடு குத்தி நின்றது.

"கையில இன்னா சாச்சா?"

"ஒண்ணுமில்லமா. சும்மா."

"தோல் வாசனை அடிக்குதே."

மறைக்க வழியில்லை. பேப்பரை விரித்தேன். அவள் துண்டை வாங்கி விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பெருவிரலால் அந்தக் குழிகள் மேல் மெல்லத் தடவினாள். ஷாப்பில் நாங்கள் தடவுகிற மாதிரியேதான். 

"தவளைக்கா?" என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பழைய தவளை ரொம்ப அழகா இருந்துச்சு சாச்சா. தவளை எங்க அப்பிடி இருக்கும்? அலமாரியில வெச்சப்பவே சொல்லலாம்னு நெனச்சேன். ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, சொல்லல." துண்டை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "இது இன்னா ரகம் சாச்சா?"

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலமா" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு துண்டை மடித்துத் தன் பாயில் வைத்துக்கொண்டாள்.

"வெச்சுட்டுப் போங்க. நானே தைச்சு அப்பாகிட்ட குடுக்குறேன்."

"அப்பா ஏரிக்கு வருவாராமா?"

"அது எனக்குத் தெரியாது சாச்சா."

பாய் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். தைரியம் அவ்வளவுதான் இருந்தது. அந்த வாரம் ஷாப்பில் அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை. பொங்கலுக்கு வெளிமாநில ஆர்டர் முடிக்க வேண்டும் என்று கட்டிங் செக்‌ஷனில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தோல்களைத் தடவிக்கொண்டே வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மேற்குக் கரையில் உட்கார்ந்திருந்தேன். கழியைக்கூடப் பிரிக்கவில்லை. பனி விலகியது. எதிர்க்கரை பனை மரங்கள் தெரிந்தன. சூரியன் மலை மேல் வந்தது. இன்றைக்கு வரவில்லையென்றால் இனி வரமாட்டார், நானும் இந்த ஏரிக்கு இனி வருவதில்லை என்று தீர்மானம் பண்ணினேன். பண்ணிவிட்டு இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கரை மேல் சைக்கிள் செயின் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவர் வந்து ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்தார். சேற்றை அள்ளிக் கை கழுவினார், மூன்று தடவை. பிறகு ஒரு தகர டப்பாவைத் திறந்தார்.

அதற்குள் தவளை. குழியும் மேடும் வெளியே தெரிய வைத்துத் தைத்திருந்தாள். மருதாணி அரைத்துப் பூசி ஊறவைத்ததில் வடுக்களுக்குள் மட்டும் நிறம் கறுத்து இறங்கியிருந்தது. மணிக் கண் இல்லை, இரண்டு முடிச்சுதான். கரையில் வைத்தால் குதித்துவிடும் போல இருந்தது.

"பாய், அன்னைக்கு நான்..."

"இரு கிருபா. நான் பேசுறேன்."

கிருபா என்று அவர் சொன்னதில் என் கண் கலங்கிவிட்டது. எதிரே வெயில் இருந்ததால் அதன் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தே பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"வாணியம்பாடிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, நான் ஜஹீராகிட்ட ஒண்ணு சொன்னேன். ஃபரீதாவை ஜன்னல் எதிர்ல உக்கார வெக்காதே, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உக்கார வையின்னு. நம்ம ஊர்ல தேர்ட் தோலை ஏமாந்தவன் தலையில கட்டுறவன் அப்பிடித்தான கிருபா காட்டுவான்? வெளிச்சத்தை மறைச்சுக்கினு. பெத்தவன் நான், என் பொண்ணுக்கு அதைப் பண்ணேன். பத்து நாள் கழிச்சு நீ அதையே வாயால சொன்னே. உன் மேல கோபம் இல்ல. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு என் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அதான் வரல."

"ஃபரீதா அப்பிடி உக்காந்தாளா?"

"எங்க உக்காந்தா? டீ தட்டை எடுத்துக்கினு வந்து நேரா ஜன்னல் எதிர்ல உக்காந்தா. அவங்க நல்லா பாத்துட்டுப் போவட்டும்னுதான்."

 தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"நேத்து தவளையைக் கையில குடுத்துட்டு, இது இன்னா ரகம்னு கேட்டா" என்றார் பாய்.

"இன்னா சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

"நானும் அதான் சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இத்தினி வருஷம் சும்மாவே சம்பளம் வாங்கியிருக்கோம்" என்றார். அவர் சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன். விரால் பிடிக்கிற இடத்தில் செய்யக் கூடாத அளவுக்குச் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

அதற்கப்புறம் கால் மணி நேரம் சத்தமே இல்லாமல் இருந்தோம். மதகுக் கல் பக்கத்தில் குஞ்சுகள் எதுவும் மேயவில்லை என்று பார்த்துக்கொண்டோம். ஒரு குமிழி உடைந்தது. பாய் இரண்டு முழம் தள்ளி, இலை மேலேயே போட்டார். தவளை இலையில் ஒரு கணம் இருந்து, வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. ஊறின தோல் என்பதால் காலெல்லாம் மெத்தென்று தானாகவே அசைந்தது. அவர் கழி முனையை ஒரு விரல் அளவு ஆட்டினார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

தண்ணீர் வாய் பிளந்தது. கழி வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. பதினோரு வருஷம் எதையும் தொடாத மீன். பாய் எழுந்து நின்றார், நான் கழியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை அது மேலே வந்து புரண்டதை இரண்டு பேரும் பார்த்தோம். அப்புறம் மதகுக் கல்லைச் சுற்றி ஓடியது. கல் விளிம்பில் நரம்பு உரசுகிறது என்று தெரிந்தும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அறுந்துவிட்டது.

நரம்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"தவளை போய்டுச்சே" என்றார் பாய். "ஃபரீதாகிட்ட இன்னா சொல்றது?"

"நான் வந்து சொல்றேன்" என்றேன்.

பதினொரு மணிக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பாய் குளிக்க உள்ளே போனார். ஃபரீதா ஜன்னல் எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படி தாண்டி நின்றேன். வழியெல்லாம் பெரிதாக ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஃபரீதாமா, அன்னைக்குக் கரையில உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"தெரியும் சாச்சா. அப்பா அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு."

"தோலுக்குச் சொல்ற வார்த்தை அது. மனுஷங்களுக்குச் சொல்லக் கூடாது. ரொம்பத் தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

அவள் ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அது முடிகிற வரைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மீனு கவ்வுச்சா?" என்றாள்.

"கவ்வுச்சும்மா. பதினோரு வருஷத்துல முதல் தடவை. தவளையோட போய்டுச்சு."

"எவ்ளோ பெருசு?"

"ஒரு கை."

"முக்கால் கை" என்று உள்ளேயிருந்து பாய் குரல் கொடுத்தார், தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தோடு.

அவள் சிரித்தாள். ஒன்பது வயதில் வாசலுக்கு ஓடி வருவாளே, அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அடுத்த மேல்தோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு தைச்சுத் தர்றேன். நாளைக்கு நல்ல தோலாப் பாத்துக் கொண்டாங்க சாச்சா."

மறுநாள் காலையில் ஷாப்புக்கு அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். தேர்ட் கட்டுகளைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டுக்குள் தள்ளியிருக்கிறேனே தவிர, அதிலிருந்து பொறுக்கியதில்லை. ஒன்றை எடுப்பேன், அதைவிட நன்றாக இன்னொன்று அடியில் இருக்கும். சூப்பர்வைசர் நிசார் அஹமது வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார், தேர்ட்ல இன்னாத்தைத் தேடுறீங்க?"

"நல்லதா ஒண்ணு" என்றேன்.